ஈலியத்துக்குக் கழிவு போட்டவள்

கணினி அறைக்கு நெல் தூற்றுகிற காத்தாடி பூட்டிய வீடு நிந்தவூரில் ஒன்றே ஒன்றுதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்தாலும் அதன் இரைச்சல் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் பக்கத்து வளவில் இருப்பவர்கள் உரத்துத்தான் கதைக்க வேண்டும் என்பது மெய்.

அந்த வீடு ஸுஹைறாவுடையது. நெல் வியாபாரி கச்சிமுகம்மது தன் ஒரே மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை நிப்றாஸ் பெண்ணின் வீட்டுக்கு வந்தான். வரும்போது நெல் அறுக்கிற ஒரு வெட்டு மெசினும், எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த இரண்டு கைகளும் கொண்டு வந்தான். வீட்டின் பின்னறையை நெல் மூடை அடுக்குவதற்கென்றே பெரிதாகக் கட்டியிருந்தார் கச்சிமுகம்மது. கலியாணமாகி இரண்டாம் வருடம் ஸுஹைறா மூடைகளை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, மூடிப்போன ஒரு கம்பனியின் ஏலத்தில் கிடைத்த பதினாலு பழைய கணினிகளை அங்கே அடுக்கினாள். பதினாலையும் வயரால் பிணைத்து ஒரே கணக்கைச் செய்ய வைத்தாள். செய்தன. பிறகு சூடேறி ஒன்றன்பின் ஒன்றாக நின்றும் போயின. குளிரூட்டி பூட்டுகிற வசதி அப்போது இல்லை. நிப்றாஸ் எங்கேயோ கிடந்த தூற்றும் காத்தாடியைக் கொண்டுவந்து, சுவரை இடித்துப் பூட்டினான். பதரைப் பறக்கடித்த காற்றுக்குச் சூட்டைப் பறக்கடிக்கத் தெரியாதா? பறக்கடித்தது. படித்த எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இந்தப் பதினாலு கணினியும் அப்படி என்னதான் செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு, ஸுஹைறாவின் தாய் சல்மா உம்மாவிடம் ஒரு பதில் உண்டு.

“அவ ஈலியத்துக்குள்ள என்ன இரிக்கெண்டு பாக்கிறா. பலூனுக்கு அடிக்கிற காத்து. காத்துக்குள்ள என்ன இரிக்கும்? காத்துத்தான் இரிக்கும். நான் சொன்னாக் கேக்கிறாவா?”

சல்மா உம்மாவைக் குறை சொல்ல ஏலாது. படித்தவர்கள் இதைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவனுக்குத் தலை சுற்றும். நெல்லோடு புழங்கியவனுக்கும் கலியாண வீட்டுச் சஹன் தட்டில் கைவைத்தவனுக்கும் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் விளங்கிவிடும்.

எந்தப் பொருளை எடுத்தாலும் அணு. அணுவின் நடுவில் கரு. கருவுக்குள் புரோத்தனும் நியூத்திரனும். அதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். முடியவில்லை. ஒவ்வொரு புரோத்தனுக்குள்ளும் நியூத்திரனுக்குள்ளும் குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கிற பசைபோலக் குளுவோன்கள் இருக்கின்றன. ஒரு புரோத்தன் ஓடுகிறது என்றால் அந்த ஓட்டத்தின் பலம் இவர்கள் எல்லாரிடமும் பங்காகப் பிரிந்து கிடக்கிறது. ஏறக்குறையப் பாதி குவார்க்குகளிடம், மிச்சம் குளுவோன்களிடம். யாரிடம் எவ்வளவு பங்கு என்பதுதான் ஸுஹைறாவின் கேள்வி. கண்ணால் பார்க்கிற விசயமல்ல. தூரதேசத்துப் பெரிய பொறிகளில் இலத்திரனை எறிந்து, அது தெறித்து வந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு உள்ளே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணக்கில் ஒரு மாதிரி கட்ட வேண்டும். கட்டிய மாதிரி அளந்ததோடு ஒத்துப்போக வேண்டும்.

இனிச் சஹனுக்கு வருவோம். தனிப் புரோத்தன் என்பது தனிக் கோப்பையில், தனக்கென்ற தட்டில், சாப்பிடுகிற ஆள். அவன் எப்படிச் சாப்பிடுவான் என்பது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரியும். ஈலியத்தின் கரு, நம் கலியாண வீட்டில் நாலு பேர் வட்டமாக இருந்து கைவைக்கிற ஒரே பெரிய தட்டு. அதே ஆட்கள்தான், அதே சோறுதான். ஆனால் தனிக் கோப்பையில் சாப்பிட்ட மாதிரியா சஹனில் சாப்பிடுகிறோம்? ஒருவனுடைய கை சுருங்கும். ஒருவன் இறைச்சித் துண்டை அடுத்தவன் பக்கம் தள்ளிவிடுவான். இன்னொருவன் தன் எல்லையைத் தாண்டி நீட்டுவான். கருவுக்குள்ளும் அப்படியே ஒரு மாற்றம் நடக்கிறது என்று நாற்பது வருடத்துக்கு முன்பே அளந்து கண்டுவிட்டார்கள். ஏன் நடக்கிறது என்று இன்னும் அடிபடுகிறார்கள். ஈயம், தங்கம் போன்ற பெரிய கருக்கள் கந்தூரிக் கூட்டம். யார் கை எங்கே போகிறதென்று தெரியாது. ஈலியம் என்றால் இரண்டு புரோத்தன், இரண்டு நியூத்திரன், நாலே பேர். நாலு கையையும் பார்க்கலாம். அதனால்தான் அவள் ஈலியத்தைப் பிடித்தாள்.

அந்தப் பிடிவாதம் தகப்பனுடையது. கச்சிமுகம்மது மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். மற்றவன் மூடையைத் தோளில் சுமந்து, பிறகு ஒரு தராசு வாங்கி, பிறகு பிரதான வீதியிலேயே களஞ்சியம் கட்டினார். அறுவடைக் காலத்தில் சவளக்கடையிலிருந்தும் தம்பிலுவில்லிலிருந்தும் நெல் அவரைத் தேடி வரும். ஏழு வயதிலிருந்து ஸுஹைறா அந்தத் தராசடியில் பென்சிலோடு நின்றாள்.

“அறுவத்தி ரெண்டு!” என்று தகப்பன் கத்துவார். “கழிவு போக அறுவது! எழுதுங்க மகள்.”

மூடைக்கு இரண்டு கிலோ கழிவு. ஒரு கிலோ சாக்குக்கு. ஒரு கிலோ ஈரத்துக்கும் உள்ளே அரிசியில்லாத சப்பி நெல்லுக்கும். நெல் வாங்குகிற எல்லாரும் கழிப்பதுதான், விற்கிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொள்வதுதான். பத்து வருடம் அப்படி எழுதிய பிள்ளையின் கை எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் கழிவைப் போட்டுவிட்டுத்தான் எழுதும்.

அந்தக் கையோடுதான் அவள் மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் பௌதிகம் படித்தாள், கலாநிதிப் பட்டம் எடுத்தாள், ஊருக்கே திரும்பி வந்து ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளரானாள். தற்காலிகம் என்பது நம் நாட்டில் எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒன்பது வருடம். ஒவ்வொரு வருடமும் கடிதம் நீட்டப்படும். நிரந்தர இடம் ஒன்று கடைசியில் வந்தது. அதற்குத் தன் பெயரில் தனியாகச் செய்த, உலகம் மதிக்கிற ஒரு கட்டுரை வேண்டும். அவளிடம் அது இருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு நாலு கிழமை இருந்தது.

அந்தக் கட்டுரைக்கு மூன்று வருடம் போனது. ஈலியக் கருவுக்குள், ஓர் இடத்தில், குளுவோன்கள் அந்த நாலு பேரும் தனித்தனியாக இருந்தால் வருவதைவிடக் கூடுதலாகப் புடைத்து நிற்கின்றன என்று அது சொன்னது. வெளிநாட்டுச் சஞ்சிகை அச்சடித்தது. இலத்திரனையும் கருவையும் மோதவிடப் புதிய பொறி கட்டுகிறவர்களில் ஒரு குழு அவளுடைய கோட்டை எடுத்துத் தங்கள் திட்டத்தில் வைத்துப் பார்த்தது.

ஒரேயொரு வரியைப் பற்றித்தான் கட்டுரையில் அவள் விளக்கமாக எழுதவில்லை. எல்லாருடைய பங்கையும் கூட்டினால் நூறு வர வேண்டும். ஒரு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது சட்டம். முதல் தரம் ஓடவிட்டபோது நூற்று மூன்று வந்தது. பழைய மெசின்கள், சின்னச் சின்னப் பிசகு சேர்ந்திருக்கும் என்று நினைத்தாள். எல்லாப் பங்கிலும் அளவாகக் கழித்து நூறாக்கு என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரிக்கு ‘கழிவு’ என்றே பெயர் வைத்தாள். கழித்ததும் அவளுடைய குவார்க் கோடு உலகம் அளந்த கோட்டின் மேல் அச்சொட்டாகப் படுத்தது. பொருந்திய பிறகு யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு குறிப்பில் ‘கலிவுத் திருத்தம்’ என்று எழுதியிருந்தது. கலிவு என்று ஒரு பேராசிரியர் இருந்ததாக நினைத்துவிட்டார்கள். அதை வாசித்து ஸுஹைறாவும் நிப்றாஸும் சிரித்த சிரிப்பில் காத்தாடிச் சத்தமே கேட்கவில்லை.

கச்சிமுகம்மதுக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வருகிற சனிக்கிழமை களஞ்சிய வளவில் பாராட்டு விழா என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நாற்பது சஹன் சாப்பாடு. பொன்னாடை. புதன்கிழமை பின்னேரம் பத்தடி நீளத்தில் பெனரும் வந்திறங்கியது. ‘அணுவைப் பிளந்த எங்கள் அருமை மகள்’ என்று அதில் போட்டிருந்தது.

“வாப்பா, நான் ஒண்டையும் பிளக்கல்ல. உள்ளுக்க ஆருக்கு எவ்வளவு பங்கெண்டு கணக்குப் பாத்தன்.”

“கணக்குப் பாத்தாளெண்டு போட்டா ஆரு மகள் வருவான்? ஊருக்குள்ள கடைக்குக் கடை கணக்குத்தான் பாக்கிறானுகள். பிளந்தாளெண்டாத்தான் சனம் வரும்.”

அந்தப் பெனரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோகுலனின் அழைப்பு வந்தது. கோகுலன் தம்பிலுவில் பையன். கனடாவில் ஆராய்ச்சி மாணவன். இருபது வருடமாகக் கச்சிமுகம்மதுவுக்கு, ‘காக்கா’ என்று அண்ணன் முறை சொல்லி, நெல் கொண்டுவருகிற நல்லரெத்தினத்தின் மகன். ஸுஹைறாவின் கணக்கை எடுத்துத் தன் வேலைக்குப் பாவிக்கப் போவதாக முன்பே சொல்லியிருந்தான்.

“அக்கா, உங்கட புரோகிராம ஓட்டிப் பாத்தன். அதுக்குள்ள கழிவு எண்டு ஒரு வரி கிடக்கு.”

“ஓம் தம்பி. அது சும்மா ஒரு சீராக்கம்.”

“இஞ்ச உள்ள வெள்ளையள் அத ஒரு ஆளின்ட பேரெண்டு நினைச்சிக்கொண்டு திரியிறாங்க. நான் தம்பிலுவில் ஆள். எனக்குத் தெரியாதா அந்தாள் ஆரெண்டு?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கோகுலன் கொஞ்சம் தயங்கினான்.

“அந்த வரிய எடுத்துப்போட்டு ஓட்டினன். நூத்தி மூண்டு வருது அக்கா.”

“பழைய மெசின் தம்பி. அங்க இங்க கொஞ்சம் பிசகும்.”

“நான் புது மெசின்ல ஓட்டினன். அப்பவும் நூத்தி மூண்டு. பிசகெண்டா ஒருக்காக் கூடவும் ஒருக்காக் குறையவும் வேணும். இது எந்தப் பக்கத்தால வந்தாலும் மூண்டுதான் கூடுது.”

ஸுஹைறா பெனரின் ஓரத்தில் விரல் நகத்தால் நூற்று மூன்று என்று கீறினாள்.

“கோவிக்காதீங்க அக்கா. உங்கட வாப்பாட தராசடியில எங்கட அப்பா நெடுகக் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. கழிக்கிறது சரி காக்கா, கழிச்ச நெல்லு எங்க போகுது? உங்கட வாப்பா சொல்லுவார், அது ஈரத்தோட போகுது எண்டு. நான் பக்கத்துல நிண்டு யோசிப்பன். ஈரம் காத்துல போகும். நெல்லு களஞ்சியத்துக்குள்ளதானே கிடக்கு?”

பெனரின் ஒரு முனையை அவள் இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

வியாழக்கிழமை விரிவுரைக்குப் போகவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணக்கை அடியிலிருந்து பிரித்தாள். பகல் ஒரு மணிக்கு மின்சாரம் போனது, நிப்றாஸ் வெட்டு மெசினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஜெனரேட்டரைப் போட்டான். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் அவளுக்குப் பிடிபட்டது.

கருவுக்குள் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. சஹனில் கறியைத் தள்ளிக்கொள்வது போலத் தங்களுக்குள் பையோன் என்ற ஒன்றைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பையோனுக்குள்ளும் குவார்க்கும் குளுவோனும் உண்டு. அதை அவள் நடுத்தட்டில் ஊற்றிய கறியாகத் தனியாகச் சேர்த்திருந்தாள். அதில் பிழையில்லை. ஆனால் தனிக் கோப்பையில் சாப்பிட்டவனுடைய சோற்றில் ஏற்கெனவே கறி இருந்தது. உலகம் அவனை அளந்தபோது கறியோடு சேர்த்துத்தான் அளந்தது. ஒரே கறி சோற்றோடும் எண்ணப்பட்டது, நடுத்தட்டிலும் எண்ணப்பட்டது. கூடின மூன்று அதுதான்.

கழிவு என்ன செய்தது? கூடினதை அது வந்த இடத்தில் எடுக்கவில்லை. ஒன்றும் செய்யாதவர்களிடமும் பிடுங்கி எல்லாரையும் மெலிய வைத்தது. மெலிந்த குவார்க்குகள் தற்செயலாக அளந்த கோட்டில் போய் விழுந்தன. இரட்டையாக எண்ணிய குளுவோன்களோ புடைத்தபடி நின்றன. அந்த இரட்டை எண்ணிக்கையை உரிய இடத்தில் எடுத்துவிட்டு அவள் திரும்ப ஓடவிட்டாள். புடைப்பு படுத்தது. ஈலியத்தின் குளுவோன் கோடும் தனித்தனி நாலு பேரின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மூன்று வருடத்துக் கண்டுபிடிப்பு ஒரு கழிவு.

நிப்றாஸ் கிறீஸ் கையைத் துடைத்தபடி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்குக் கருவைப் பற்றித் தெரியாது. எந்த மெசினிலும் ஓர் ஆணி கூடுதலாக மிஞ்சினால் எங்கேயோ பிழை என்பது தெரியும்.

“எழுதி வாபஸ் எடுத்தா இடம் போயிருமா?”

“போயிரும். அது ஒண்டுதான் என்னட்ட இரிந்திச்சி.”

“நாலு கிழமைதானே புள்ள. இண்டவியூ முடியட்டும். பொய் சொல்லு எண்டு சொல்லல்ல. கொஞ்சம் சுணங்கிச் சொல்லு எண்டுதான் சொல்றன்.”

அவள் அதை யோசித்துப் பார்க்காமல் இல்லை. ஒன்பது வருடம் தற்காலிகமாக இருந்தவளுக்கு நாலு கிழமை என்பது பெரிய காலமா? கோகுலனும் வெளியே சொல்லப் போவதில்லை. அவன் குரலில் இருந்த கூச்சமே அதற்குச் சாட்சி. சுணங்கிச் சொன்னாலும் சொன்னதுதானே என்று மனம் ஒரு வழி காட்டியது. ஆனால் அந்த நாலு கிழமையின் முடிவில் அவள் மேசைக்கு முன்னால் இருந்து, ஐந்து பேராசிரியர்மாருக்கு, ஈலியத்தில் குளுவோன் புடைத்திருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அது சுணக்கம் இல்லை. அவர்கள் ஒவ்வொருவருடைய மூடையிலும் இரண்டு கிலோ எடுப்பது.

வெள்ளிக்கிழமை காலை களஞ்சியத்துக்குப் போனாள். கச்சிமுகம்மது ஆட்களை வைத்து வளவைக் கூட்டுவித்துக்கொண்டிருந்தார். தராசில் அந்த நேரம் மூடை இல்லை. அவள் மூலையில் கிடந்த வெறும் உரப்பை ஒன்றை எடுத்துத் தராசில் போட்டாள். நெல்லெல்லாம் இப்போது அந்தப் பொலித்தீன் உரப்பையில்தான் வருகிறது. தராசின் சிவப்பு எழுத்து நூறு கிராமில் வந்து நின்றது.

“என்ன மகள் செய்றீங்க?”

“வாப்பா, சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?”

“ஒரு கிலோ. பொறந்ததிலிருந்து எழுதினவ, தெரியாதா?”

“வந்து பாருங்க. நூறு கிராம்.”

கச்சிமுகம்மது கிட்டவந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“என்ட களஞ்சியத்துக்க வந்து என்னையே நிறுக்கிறியா?”

அவர் விறுவிறென்று உள்ளே போனார். கூரைக்கடியில் பழைய கொழுவியில் தொங்கிய சணல் சாக்கு ஒன்றை இழுத்து எடுத்து, தூசி பறக்க உதறி, தராசில் போட்டார். தொள்ளாயிரத்து எண்பது கிராம்.

“பாத்தியா! ஒரு கிலோ! நான் கள்ளனில்ல புள்ள. இந்தக் கையால சணல் சாக்க ஆயிரக்கணக்கில சுமந்தவன் நான்.”

“ஓம் வாப்பா. அண்டைக்குச் சரி. சாக்கு மாறி எத்தின வருசம்?”

அவர் சணல் சாக்கைத் தராசிலிருந்து எடுத்து மடித்தார். வளவு கூட்டியவர்கள் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரிக் கூட்டினார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“நானும் அப்பிடித்தான் வாப்பா. நிறுக்காமக் கழிச்சிட்டன். ஈலியத்துல மூண்டு கூடி வந்திச்சி. ஏன் கூடுதெண்டு பாக்காமக் கழிவு போட்டன். இப்ப நிறுத்துப் பாத்தா, கண்டுபிடிச்சதெண்டு நான் எழுதினதே இல்ல.”

“எவ்வளவு கழிச்சாய்?”

“நூத்துக்கு மூண்டு.”

“மூண்டா? நானே ரெண்டுதானே கழிக்கிறன்!”

“அறுவத்தி ரெண்டுல ரெண்டு எண்டா நூத்துக்கு மூண்டுதான் வாப்பா.”

கச்சிமுகம்மது அங்கே கிடந்த மூடையில் இருந்துவிட்டார். மனக்கணக்கில் அவரை வெல்ல இந்தக் கரையில் ஆளில்லை. மகள் சொன்னதைச் சரிபார்க்க அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதும்.

“ஆருக்குத் தெரியும்?”

“தம்பிலுவில் பொடியன் ஒருவனுக்கு. அவன்தான் கண்டான்.”

“ஆர்ட மகன்?”

“நல்லரெத்தினத்தின்ட.”

“யா அல்லாஹ்,” என்றார் கச்சிமுகம்மது. “அந்த மனிசன்ட கேள்வி கனடாவுக்கும் போயிட்டா?”

பிறகு அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நாளைக்கு நாப்பது சஹன் சொல்லிக் கெடக்கு. என்ன செய்ய?”

“சாப்பாட்டக் குடுங்க. பொன்னாடை வேணா.”

வீட்டுக்கு வந்து ஸுஹைறா சஞ்சிகைக்குக் கடிதத்தை எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பையோன்களின் பங்கு இருமுறை எண்ணப்பட்டது. அந்தப் பிழையை நான் காரணம் தேடாமல் ஓர் எண்ணால் வகுத்து மறைத்தேன். கண்டு சொன்னவர் கோகுலன் நல்லரெத்தினம். ‘மறைத்தேன்’ என்ற சொல்லை இரண்டு தரம் அழித்தாள், இரண்டு தரமும் திரும்ப எழுதினாள். தெரிந்து செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நூற்று மூன்றைப் பார்த்த நாளில் மனதின் ஒரு மூலையில் முள்ளாய் ஒன்று குத்தியதும், பொருந்திய கோட்டின் சந்தோசத்தில் அதை அவள் தடவிவிட்டதும் அவளுக்குத் தெரியும். புதிய பொறி கட்டுகிற குழுவுக்கும் ஒரு பிரதி. பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் மூன்றும் போய்விட்டன.

சனிக்கிழமை சனம் வந்தது. பெனரைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை, அது தன் பாட்டில் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பிலுவில்லில் இருந்து நல்லரெத்தினம் வெள்ளைச் சேட்டோடு வந்து முன்வரிசையில் இருந்தார். கச்சிமுகம்மது ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் பிடித்தால் விடுவது கஷ்டம் என்று ஊருக்குத் தெரியும்.

“பெனர்ல அணுவைப் பிளந்தாளெண்டு போட்டிரிக்கி. அது பொய். அச்சடிச்சவன்ட பொய்யில்ல, என்ட பொய். என்ட மகள் எண்ணித்தான் பாத்தா. எண்ணினதுல ஒரு பிழை வந்திட்டு. அந்தப் பிழைய அவளே உலகத்துக்கு எழுதிட்டா. வெள்ளைக்காரனுக்கெல்லாம் புடிபடாத பிழை! என்ட மகளுக்குப் புடிபட்டிச்சி!”

பெண்கள் பக்கத்தில் இருந்து ஸுஹைறா எழும்பினாள்.

“வாப்பா, கண்டது நானில்ல. கோகுலன்.”

எல்லாத் தலையும் நல்லரெத்தினத்தின் பக்கம் திரும்பியது. அவர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

“காக்கா, பொடியன் எனக்கும் சொன்னவன். விளங்கினது கொஞ்சந்தான். கழிச்சது எங்க போகுதெண்டு பாத்தா அக்காட கணக்கே மாறிப்போச்செண்டான். அப்ப எங்கட மூடைக்கும் அப்பிடி ஒரு கடிதம் எழுதுவீங்களா?”

வளவு முழுக்கச் சிரிப்பு. கச்சிமுகம்மதுவும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிறகு தலையை நிமிர்த்தினார்.

“கடிதம் என்னத்துக்கு நல்லரெத்தினம்? திங்கக்கிழமை வந்து வெறுஞ்சாக்க நீயே தராசுல போடு. எவ்வளவு காட்டுதோ அவ்வளவுதான் கழிவு. ஈரத்துக்கு வேற மெசின் வாங்கிறன். இந்தக் கரையில வெறுஞ்சாக்க நிறுத்துக் கழிக்கிற ஒரே களஞ்சியம் இதுதான் எண்டு போய்ச் சொல்லு!”

பிழையையும் பெருமையாக்கத் தெரிந்த மனிதர். ஆனால் சொன்னதைச் செய்தார். ஸுஹைறா அன்று தாயோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் ஒரு சஹனில் இருந்தாள். நாலு பேர். சல்மா உம்மா இறைச்சித் துண்டை மகள் பக்கம் தள்ளித் தள்ளி விட்டா. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

நேர்முகப் பரீட்சை குறித்த நாளில் நடந்தது. ஏன் கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். ஒருவர் தலையை ஆட்டினார், ஒருவர் கோப்பின் தாள்களைப் புரட்டினார். இடம், ஐந்து கட்டுரை வைத்திருந்த வேறொருவருக்குப் போனது. அவர் தகுதியானவர்தான், அதில் ஸுஹைறாவுக்கு மனத்தாங்கல் இல்லை. அவளுடைய தற்காலிகக் கடிதம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டப்பட்டது. அன்று பஸ்ஸில் வரும்போது, வீதியோரத்து வயல்களைப் பார்த்தபடி, பத்தாவது வருடம் என்று ஒரு தரம் எண்ணினாள். பிறகு எண்ணவில்லை.

பெனர் இப்போது படங்காக இருக்கிறது. களஞ்சிய வளவில் அதன் மேல் நெல் காய்கிறது. கோழி கிண்டிவிட்ட இடத்தில் ‘பிளந்த’ என்ற எழுத்து மட்டும் தெரியும். பொன்னாடையைச் சல்மா உம்மா அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறா. ஒரு நாள் தேவைப்படும் என்பது அவவின் நம்பிக்கை.

பின்னறையில் காத்தாடி ஓடுகிறது. குளுவோன் புடைப்பு இல்லாத புதிய ஈலியத்தை அவளும் கோகுலனும் சேர்ந்து கட்டுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை அவன் அழைத்தான்.

“அக்கா, கூட்டிப் பாத்தன். தொண்ணூத்தொம்பதரை வருது.”

“எனக்கும் அதுதான் வந்திச்சி.”

“அரை எங்க போச்சு?”

“தெரியா தம்பி. தேடிக்கொண்டிரிக்கன்.”

“நூறாக்கிப் போடவா?”

“கைய எடுங்க,” என்றாள் ஸுஹைறா. “அரை அப்பிடியே கிடக்கட்டும்.”